‘புரிஞ்சுதா?’ என்று கேட்பதை விடுங்கள்: ஓபியில் பேச்சை அளந்து திருத்த ஒரு முழு வழிகாட்டி

மருத்துவரும் நோயாளியும் பேசிக்கொள்வதில் எங்கே இடறுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஓபி (வெளிநோயாளிகள் பிரிவு) அறைக்குள் போக வேண்டியதில்லை. மருந்து வாங்கும் வரிசைக்குப் போங்கள். கையில் சீட்டோடு நிற்கும் ஒருவரிடம் “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேளுங்கள். “சர்க்கரை இருக்காம், மாத்திரை எழுதியிருக்காரு” என்பார். எந்த மாத்திரை, எந்த நேரத்துக்கு? “அதெல்லாம் சீட்டுல இருக்கு.” சீட்டில் 1-0-1 என்று இருக்கும். நடுவில் உள்ள பூச்சியம் மதியத்தைக் குறிப்பது எழுதியவருக்குத் தெரியும். அவர் வாயாலும் விளக்கியிருப்பார். கடைசியில் “புரிஞ்சுதா?” என்று கேட்டிருப்பார். “புரிஞ்சுது சார்” என்று பதிலும் வந்திருக்கும்.

மருத்துவக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் உதவிப் பேராசிரியர்கள், பிஜிக்கள் (முதுநிலை மாணவர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள் (பயிற்சி மருத்துவர்கள்), செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். சொந்த யூனிட்டில் ஆறு மாதத்துக்குள் முடியும் சிறு ஆய்வு ஒன்று, அந்த ஆய்வில் கிடைத்ததை வைத்தே ஒரு பயிற்சி. இரண்டையும் படிப்படியாகச் சொல்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளியிடம் நன்றாகப் பேசுவது அவரவர் குணம் என்று நம்பிக்கொண்டிருக்கும்வரை எதுவும் மாறாது. அது கைப்பழக்கம். “அன்பாக இரு” என்று சொல்லி யாரும் வென்ஃப்ளான் (ரத்தநாளத்தில் செருகும் ஊசிக்குழாய்) போடக் கற்றுக்கொடுப்பதில்லையே.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2018-ல் வெளியிட்ட ‘ஏட்காம்’ தொகுப்பு (மனப்பாங்கு, அறம், பேச்சுத் திறன்) 2019-ல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே இன்றைய ஹவுஸ் சர்ஜன்கள் இதைப் படித்துத்தான் வந்திருக்கிறார்கள். படித்தது ஓபி மேசைவரை வந்து சேர்ந்ததா என்பதைத்தான் நாம் அளக்கப் போகிறோம்.

தொடங்கும் முன்: ஏற்கெனவே அளந்தவர்கள் கண்டது

1968-ல் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பார்பரா கோர்ஷும் அவருடைய குழுவும் 800 சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். தாய்மாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், குழந்தைக்கு என்ன என்று தெளிவாகத் தெரியாமலேயே வெளியே வந்தார். எதனால் வந்தது என்ற கேள்வி தீராமல் வந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதிப் பேர். நம் மருந்து வரிசையில் கேட்பதும் இதே கதைதான்.

1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கெல் என்ற இருவர் 74 சந்திப்புகளை ஸ்டாப்வாட்ச்சோடு கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவர்கள் 23 சதவீதம் மட்டும். 1999-ல் வேறொரு குழு 264 சந்திப்புகளில் அளந்தபோது 23 நொடி வந்தது. அதே ஆய்வில், குறுக்கீடு இல்லாமல் முடிக்க விடப்பட்டவர்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டது சராசரியாக 6 நொடி. இந்த ஆறைத்தான் நான் எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2002-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், குறுக்கிடாமல் கேட்கப் பழக்கப்பட்ட மருத்துவர்களிடம் 335 நோயாளிகள் பேசினார்கள். சராசரி 92 நொடி. 78 சதவீதம் பேர் இரண்டு நிமிடத்துக்குள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள்.

“நம்ம ஓபிக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது” என்று ஒரு குரல் எழும். நியாயமான குரல்தான். 67 நாடுகளின் தகவலைத் திரட்டி 2017-ல் வந்த ஓர் ஆய்வில், மருத்துவரோடு கழியும் நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், பங்களாதேஷில் 48 நொடி. நம் கூட்டம் எந்த முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாசலின் 92 நொடியை நம் திங்கட்கிழமை ஓபிக்கு அப்படியே தூக்கி வர முடியாது. ஆனால் ஆறு நொடியைக் கொடுக்க முடியாத ஓபி எதுவும் இல்லை.

படி 1: ஒரே ஒரு கேள்வி

‘மருத்துவர்–நோயாளி உறவை மேம்படுத்துதல்’ என்று தலைப்பு வைத்தால் ஆய்வு அன்றைக்கே செத்துப்போகும். காதால் கேட்டு எண்ணக்கூடிய ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் பரிந்துரை மூன்று. முதல் குறுக்கீடு எத்தனையாவது நொடியில் வருகிறது? இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று எந்தச் சொற்களில் கேட்கிறோம்? சொன்னதை நோயாளி வாயால் திருப்பிச் சொல்ல வைக்கிறோமா? இவற்றில் ஒன்று போதும்.

இரண்டாவது கேள்வியில் தமிழுக்கென்றே ஒரு சுவை உண்டு. 2007-ல் ஜான் ஹெரிடேஜின் குழு அமெரிக்காவில் 20 குடும்ப மருத்துவர்களையும் 224 நோயாளிகளையும் வைத்துச் செய்த சோதனை இது. நோயாளிகள் எதற்கெல்லாம் வந்திருக்கிறோம் என்று முன்கூட்டியே எழுதித் தந்தார்கள். ‘சம்திங் எல்ஸ்’ என்று கேட்ட மருத்துவர்களிடம், பேசப்படாமலே போன பிரச்சினைகள் 78 சதவீதம் குறைந்தன. ‘எனிதிங் எல்ஸ்’ என்று கேட்டவர்களிடம் அந்தப் பயன் இல்லை. ஒரே ஒரு சொல்தான் மாறியது.

இதைத் தமிழில் மொழிபெயர்த்துப் பயன் இல்லை, நமக்கு அந்த இரண்டு சொற்களும் கிடையாது. நம்மிடம் இருப்பது வேறு. “வேற ஒண்ணும் இல்லையே?” என்ற கேள்வியின் கடைசி ஏகாரம் நோயாளியை “இல்ல சார்” என்ற பதிலுக்குள் தள்ளிவிடுகிறது. “வேற ஏதாவது இருக்கா?” அதைவிடப் பரவாயில்லை. “வேற என்ன தொந்தரவு இருக்கு?” என்பதில் வரும் ‘என்ன’, ஏதோ இருக்கிறது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு பேசுகிறது. உங்கள் யூனிட்டில் இந்த மூன்றில் எது எத்தனை முறை வருகிறது, ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வருகிறது என்று எண்ணினாலே அது நல்ல ஆய்வு.

படி 2: அனுமதி

நிறுவனத்தின் எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு அறக்குழு) அனுமதி இல்லாமல் ரெக்கார்டரைத் தொடாதீர்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளை முன்னால் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை எழுதுங்கள். பயிற்சி பெற்ற யூனிட்டையும் பெறாத யூனிட்டையும் ஒப்பிடுவதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவையும் முடித்துவிடுங்கள். பிறகு பதியலாம் என்று விட்டால் கட்டுரை அனுப்பும்போது தலைவலி.

ஒப்புதல் மருத்துவர், நோயாளி இருவரிடமும் வேண்டும். நோயாளியிடம் ஒப்புதல் வாங்குபவர் அவருக்கு வைத்தியம் பார்ப்பவராக இருக்கக் கூடாது. படிவத்தைப் படித்துக் காட்டுங்கள், பேச்சுத் தமிழில்: “நீங்களும் டாக்டரும் பேசுறதை ரெக்கார்டு பண்ணிக் கேக்கப் போறோம். டாக்டர் எப்படிப் பேசுறாருன்னு பாக்கத்தான், உங்களைப் பத்தி இல்ல. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, டோக்கன் நம்பர் மாறாது, மாத்திரையும் குறையாது.” அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். நம் அரசு மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு போட்டவர் நீட்டும் தாளில் ‘மாட்டேன்’ என்று சொல்லும் பழக்கம் யாருக்கும் இல்லை.

பதிவுகள் யாருடைய சொந்த போனிலும் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் ஒருபோதும் போகக் கூடாது. எழுத்தில் எடுத்ததும் பெயருக்குப் பதில் எண், பிறகு ஒலியை அழிக்கும் தேதி. திரைக்குப் பின்னால் நடக்கும் பரிசோதனையைப் பதிவு செய்யாதீர்கள். பதிவில் ஒரு மருந்துத் தவறு காதில் விழுந்தால் யாரிடம் சொல்வது என்பதையும் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

மருத்துவர்களின் பயம் நோயாளிகளின் பயத்தைவிடப் பெரிது. “இது சீஃபுக்குப் போகுமா?” என்பதுதான் முதல் கேள்வி. சீஃப் என்றால் யூனிட்டின் தலைவர். ஒரு மருத்துவமனையில் நாங்கள் இதில் சறுக்கினோம். நல்ல எண்ணத்தில்தான், ஒரு பதிவை வாராந்திரக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் ஓட்டினோம். குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் ஒப்புதல் தந்தவர்கள் பூச்சியம். மூன்று மாத வேலை போனது. அதற்குப் பிறகு ஒரு விதி வைத்தோம்: முதல் பதிவு சீஃபுடையது, முதலில் கேட்கப்படுவதும் அதுதான். சீஃப் அதற்கு இசையாத யூனிட்டில் இந்த வேலையைத் தொடங்குவதில்லை.

படி 3: பதிவு செய்தல்

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஆனால் மின்விசிறியை மறக்காதீர்கள். ஓபியில் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் வெளியே டோக்கன் கூப்பிடும் குரலும் சேர்ந்தால் நோயாளி பேசுவது காணாமல் போகும். மருத்துவரின் குரல் எப்படியும் கேட்கும். எனவே மைக் நோயாளி உட்காரும் ஸ்டூலின் பக்கம் இருக்கட்டும்.

மூன்று முதல் ஐந்து மருத்துவர்கள், ஆளுக்குப் பத்துச் சந்திப்புகள். சிறிய ஆய்வுக்கு இது போதும். ஒவ்வொருவருடைய முதல் மூன்று பதிவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், எல்லோரும் வானொலி அறிவிப்பாளர் மாதிரிப் பேசியிருப்பார்கள். நான்காவதிலிருந்து ரெக்கார்டர் மறந்துபோகும். கூட யார் வந்தார், ஒரே மேசையில் அடுத்த நோயாளி பின்னால் நின்றுகொண்டிருந்தாரா என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். முதுகுக்குப் பின்னால் நான்கு பேர் நிற்கும்போது வெள்ளைப்படுதலைப் பற்றி எந்தப் பெண்ணும் பேச மாட்டார். அதற்குப் பயிற்சி மருந்தில்லை, ஒரு திரையும் நாற்காலி வரிசையும்தான் மருந்து. சில பிரச்சினைகளுக்கு தச்சர்தான் வர வேண்டும்.

படி 4: எழுதி எடுத்து, எண்ணிப் பார்த்தல்

பேசியது பேசியபடியே தாளில் வர வேண்டும். திருத்தி எழுதினால் ஆய்வு கெட்டது. பயிற்சி வகுப்புக்காக நானே எழுதி வைத்திருக்கும் மாதிரி இது:

மருத்துவர்: சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?
நோயாளி: ஒரு வாரமா படபடன்னு வருது சார், நடந்தா எளப்பு வாங்குது, அதோட இந்த—
மருத்துவர்: நெஞ்சு வலி இருக்கா?
நோயாளி: இல்ல சார்.
மருத்துவர்: சுகர், பிரஷர்?
நோயாளி: சுகருக்கு மாத்திரை போடுறேன்.
மருத்துவர்: ஒழுங்கா போடுறீங்களா?
நோயாளி: போடுறேன் சார்.

இதில் மருத்துவர் மரியாதையாகத்தான் பேசுகிறார், கேட்ட கேள்விகளும் பாடப்புத்தகப்படி சரியானவை. ஆனால் “அதோட இந்த” என்று தொடங்கியது என்னவென்று இனி யாருக்கும் தெரியாது. கால் வீக்கமாக இருக்கலாம், மகன் இறந்துபோன துக்கமாகவும் இருக்கலாம். “ஒழுங்கா போடுறீங்களா?” என்ற கேள்விக்குத் தமிழில் ஒரே பதில்தான் உண்டு. அதே இடத்தில் “போன வாரத்துல எத்தனை நாள் மாத்திரை விட்டுப் போச்சு?” என்றால், விட்டுப்போவது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. “ரெண்டு நாள் சார், ஊருக்குப் போயிருந்தேன்” என்று வரும்.

எண்ணுவதற்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். டெப்ரா ரோட்டர் உருவாக்கிய முறை போன்ற விரிவான குறியீட்டு முறைகள் இருக்கின்றன. பிஎச்டி செய்பவருக்கு அவை. நமக்கு ஏழெட்டுக் கட்டங்கள் போதும்: தொடக்கக் கேள்வி என்ன, முதல் குறுக்கீடு எத்தனையாவது நொடியில், ‘வேற’ கேள்வி எந்த வடிவத்தில், நோயாளிக்கு இது எதனால் வந்ததாகத் தோன்றுகிறது என்று கேட்கப்பட்டதா, திருப்பிச் சொல்லச் சொன்னார்களா, மொத்த நேரம், யாரை யார் எப்படி அழைத்தார்கள்.

கடைசிக் கட்டத்தைச் சிலர் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். விட்டுவிடாதீர்கள். இருபத்து மூன்று வயது ஹவுஸ் சர்ஜன், காலில் செருப்பில்லாமல் வந்த அறுபது வயதுக்காரரை ‘நீ’ என்கிறார், அடுத்து வந்த சட்டை மடிப்புக் கலையாதவரை ‘சார்’ என்கிறார். இதைச் செய்கிறோம் என்று அவருக்கே தெரியாது. தாளில் பார்க்கும்போதுதான் தெரியும். ‘ஐயா’, ‘அம்மா’, ‘பாட்டி’ எல்லாம் சரிதான், அந்த ஊரில் அந்த வயதுக்காரரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி. ‘நீங்க’ மட்டும் பேரத்துக்கு இடமில்லாதது.

இரண்டு பேர் தனித்தனியாக ஒரே பத்துப் பதிவுகளைக் கேட்டுக் கட்டங்களை நிரப்பட்டும். இருவரும் ஒத்துப்போகாத கட்டத்தின் விளக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டு மேலே போங்கள். “ம்ம், சரி” என்பது குறுக்கீடா, ஊக்கமா என்று முதல் நாளே சண்டை வரும். வரட்டும்.

சொல் நோட்டு

இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது, எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாதது. எழுதி எடுக்கும்போதே ஒரு நோட்டில் இரண்டு பட்டியல்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பட்டியல் நோயாளிகளின் சொற்கள். வலியைச் சொல்லத் தமிழில் இருக்கும் வசதி அசாத்தியமானது. சுருக்குனு குத்துது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது, கடுகடுன்னு இருக்கு, இழுத்துப் பிடிக்குது, மதமதன்னு இருக்கு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை காட்டும். ஊருக்கு ஊர் மாறவும் செய்யும். திருநெல்வேலிப் பக்கம் ‘தடுமன்’ என்றால் ஜலதோஷம், ‘மேலுக்குச் சுகமில்ல’ என்றால் உடம்பு சரியில்லை. அரசுக் கல்லூரிகளின் எம்பிபிஎஸ் இடங்களில் 15 சதவீதமும் பிஜி இடங்களில் 50 சதவீதமும் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அரசுக் கல்லூரி ஓபியில் தமிழை ஆறு மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் உட்கார்ந்திருப்பது இன்று சாதாரணம். பக்கத்தில் நிற்கும் செவிலியர்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர், அவருக்கோ ஆயிரம் வேலை. இந்த நோட்டு அவர்களுக்கு அகராதி. சென்னையில் வளர்ந்தவருக்கும்கூட இது அகராதிதான், ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது பட்டியல், நாம் சொல்லி அவர்கள் வேறு விதமாக எடுத்துக்கொண்டவை. “ரிப்போர்ட் பாசிட்டிவ்” என்றால் நல்ல சேதி என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. “ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல” என்பதை ‘உனக்கு ஒன்றும் இல்லை, நடிக்கிறாய்’ என்று கேட்டுக்கொண்டு கண்கலங்கியவர்கள் உண்டு. “சுகர் கண்ட்ரோல்ல இருக்கு” என்றதும் மாத்திரையை நிறுத்தியவர்கள் ஏராளம். “வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்” என்றால் பலருக்கு டீ கணக்கில் வராது. “டீதானே குடிச்சேன்” என்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் மாற்று வாக்கியத்தை அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள். “ஸ்கேன்ல பயப்படுற மாதிரி எதுவும் இல்ல. ஆனா உங்களுக்கு வலி இருக்கு, அதுக்கு வைத்தியம் பாப்போம்” என்பது இரண்டு வாக்கியம்தான்.

பத்தியக் கேள்வியையும் இதில் சேர்த்துவிடுங்கள். “என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?” என்று கேட்காத தமிழ் நோயாளி இல்லை. “எல்லாம் சாப்பிடலாம்” என்பது விஞ்ஞானப்படி சரியான பதிலாக இருக்கலாம், ஆனால் கேட்டவருக்கு அது பதிலே இல்லை. இந்த டாக்டருக்கு அக்கறை இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். அவர் வீட்டில் சமைக்கும் மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.

படி 5: மருந்து வரிசையில் நான்கு கேள்விகள்

பதிவுக்கு ஒப்புக்கொண்டவர்களை வெளியே வைத்துக் கேளுங்கள். உங்களுக்கு என்னன்னு சொன்னாங்க? எந்த மாத்திரையை எப்போ போடணும்? மறுபடி எப்போ வரணும், எது நடந்தா அதுக்கு முன்னாடியே வரணும்? கேக்க நெனச்சுக் கேக்காம வந்தது என்ன? மாத்திரை கைக்கு வந்த பிறகு கேட்டால் இன்னும் நல்லது. மக்கள் மாத்திரையைப் பெயரால் அறிவதில்லை, நிறத்தால் அறிகிறார்கள். “வெள்ளை பெருசு, ரோஸ் சின்னது.” அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து ரோஸ் மஞ்சளாகிவிட்டால் இந்த அறிவும் போச்சு. இதை மருத்துவரும் மருந்தாளுநரும் சேர்ந்து உட்கார்ந்து தீர்க்க வேண்டும்.

‘மருத்துவர் கவனிப்பு திருப்தியாக இருந்ததா?’ என்ற மதிப்பெண் படிவத்தை மட்டும் கொடுக்காதீர்கள். “நல்லா பாத்தாங்க” என்றே எல்லோரும் சொல்வார்கள், அடுத்த மாதமும் இங்கேதான் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 6: பயிற்சி

இப்போது உங்கள் கையில் உங்கள் யூனிட்டின் தாள் இருக்கிறது. பயிற்சி அதிலிருந்து தொடங்க வேண்டும். பவர்பாயின்ட் வேண்டாம். கேட்டுக் கற்கும் விஷயம் இல்லை இது.

பிரிட்டனில் லெஸ்லி ஃபேலோஃபீல்ட் குழு 34 புற்றுநோய் மையங்களின் 160 மருத்துவர்களை வைத்து நடத்திய சோதனை 2002-ல் வெளியானது. மூன்று நாள் பயிற்சி பெற்றவர்களின் பேச்சு அளக்கும்படியாக மாறியது. அந்த மருத்துவர்கள் அனுபவசாலிகள் என்பதைக் கவனியுங்கள். அனுபவம் கூடக்கூடப் பேச்சு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை. மூன்று நாள் நம்மிடம் இல்லை. இரண்டு பிற்பகல், ஆறேழு பேர் கொண்ட குழு. அதற்கு மேல் ஆள் கூடினால் பின்வரிசை உருவாகிவிடும்.

நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். 1963-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பேரோஸ் தொடங்கிவைத்த முறை இது. நமக்கு ஓய்வுபெற்ற செவிலியர்களைவிட நல்ல நடிகர்கள் கிடைக்க மாட்டார்கள். முப்பது வருடம் பார்த்த நோயாளிகள் எல்லோரும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். ஊரில் நாடகக் குழு இருந்தால் அவர்களையும் கூப்பிடலாம். கதையை ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். ஆனால் கதைக்குள் ஒரு ஒளிவு இருக்க வேண்டும். மூட்டுவலிக்கு வந்த பெண், உண்மையில் மருமகளுக்கு வந்த காசநோய் தனக்கும் ஒட்டியிருக்குமோ என்று பயந்து வந்திருக்கிறார். சரியான இடத்தில் நிறுத்தி “வேற என்ன?” என்று கேட்டால்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று நடிப்பவருக்கு மட்டும் தெரியும்.

ஐந்து நிமிடம் நடிப்பு. குழுவில் ஒருவர் கையில் ஸ்டாப்வாட்ச், ஒருவர் கையில் அதே எண்ணும் தாள். முடிந்ததும் முதலில் பேச வேண்டியவர் மருத்துவராக நடித்தவர், எது நன்றாக வந்தது என்று. அடுத்து நோயாளியாக நடித்தவர், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளத் தோன்றியது என்று. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கடைசியில்தான். இந்த வரிசையைப் பேராசிரியர் உடைத்துவிடாமல் பார்ப்பது பெரும்பாடு, அவர் முதல் நிமிடத்திலேயே “இங்க பாருப்பா…” என்று தொடங்கிவிடுவார். கருத்துச் சொன்னதோடு விடாமல், தடுமாறிய அந்த ஒரு வாக்கியத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி சொல்ல வையுங்கள். மூன்றாம் முறை சொல்லும்போது நாக்கு பழகிவிடும்.

பழக வேண்டிய முதல் வாக்கியம், திருப்பிச் சொல்ல வைப்பது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 38 மருத்துவர்களும் 74 சர்க்கரை நோயாளிகளும் பேசியதை ஆராய்ந்து 2003-ல் வந்த ஆய்வில், புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்துக்குத்தான் நோயாளிக்குப் புரிந்ததா என்று சோதிக்கப்பட்டது. அப்படிச் சோதித்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரைக் கட்டுப்பாடு மேலாக இருந்தது, அதனால் நேரமும் கூடிவிடவில்லை. ஆனால் தமிழில் “நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க” என்றால் அது வகுப்பு வாத்தியார் கேட்பது. பெரியவர்கள் முகம் சுருங்கும். பழியை நம் பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும்: “நான் வேகமா சொல்லிட்டேனோ என்னவோ. வீட்டுல அக்கா கேட்டா இந்த மாத்திரையைப் பத்தி எப்படிச் சொல்வீங்க?” கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் கடினம். முதல் நாள் யாராலும் நான்கு நொடி தாங்க முடியாது.

ஒரு சுற்றிலாவது மருத்துவர்களையே நோயாளியாக்கி முதுகில்லாத அந்த ஸ்டூலில் உட்கார வையுங்கள். மற்றவர் நின்றுகொண்டே, சீட்டைப் பார்த்துக்கொண்டே பேசட்டும். அதற்குப் பிறகு சொற்பொழிவு தேவைப்படாது.

படி 7: கெட்ட செய்தி

இதைத் தனிப் பிற்பகலாக வைத்துக்கொள்ளுங்கள். 2000-ல் பெய்ல், பக்மன் முதலானோர் வெளியிட்ட ‘ஸ்பைக்ஸ்’ ஆறு படிகள் உலகம் முழுவதும் சொல்லித்தரப்படுகின்றன. இடத்தைத் தயார் செய்வது, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, சொல்வது, அவர் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று சேர்ந்து முடிவெடுப்பது. நல்ல சட்டகம். ஆனால் நம் ஊரில் முதல் படிக்கு முன்பே ஒரு படி இருக்கிறது. நோயாளி உள்ளே வருவதற்கு முன் மகன் தனியாக வந்து நிற்பார். “அப்பாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர், தாங்க மாட்டாரு.”

இதைச் சட்டம் பேசி மறுத்தால் குடும்பம் வேறு மருத்துவமனைக்குப் போய்விடும். சரி என்று தலையாட்டினால், கீமோதெரபிக்குப் பெயர் மாற்றிச் சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் எல்லோரும் நடிக்க வேண்டியிருக்கும். பயிற்சியில் நான் பழகச் சொல்வது இது: “உங்க பயம் எனக்குப் புரியுது. அவரு கேக்காததை நானா சொல்ல மாட்டேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவருகிட்டயே கேப்பேன். அவரா கேட்டாருன்னா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் பக்கத்துலயே இருங்க.” உள்ளே போனதும் “உங்களுக்கு என்னன்னு இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?” என்பது முதல் கேள்வி. பல அப்பாக்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். மகன் தாங்க மாட்டான் என்று அவர் மறைத்துக்கொண்டிருப்பார்.

‘கட்டி’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது கரைந்துவிடும் என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் கேட்க விரும்பினால் ‘கேன்சர்’ என்ற சொல்லை ஒருமுறை, மெதுவாக, சொல்லியே ஆக வேண்டும். சொன்ன உடனே மருந்துப் பட்டியலைத் தொடங்காதீர்கள். அந்தச் சொல்லுக்குப் பிறகு சிறிது நேரம் அவர் காதில் எதுவும் விழாது.

படி 8: மீண்டும் அளத்தல்

பயிற்சி முடிந்து ஒரு மாதத்திலும் மூன்று மாதத்திலும் அதே மேசை, அதே தாள், அதே நான்கு கேள்விகள். எது பயிற்சிக்கு முந்தைய பதிவு, எது பிந்தையது என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. முடிந்தால் பக்கத்து யூனிட்டைப் பயிற்சி இல்லாமல் அளந்து, மூன்றாம் மாதம் முடிந்ததும் அவர்களுக்கும் பயிற்சி கொடுங்கள், யாருக்கும் மனக்குறை இருக்காது. மொத்தச் சந்திப்பு நேரத்தைக் கட்டாயம் ஒப்பிடுங்கள். கண்காணிப்பாளர் கேட்கப் போகும் ஒரே கேள்வி அதுதான்.

முதல் மாதம் ஏறி மூன்றாம் மாதம் இறங்கினால் மனம் உடைய வேண்டாம். பெரும்பாலும் ஆள் மாறியிருப்பார்கள், ஹவுஸ் சர்ஜன் ஒரே துறையில் தங்குவது சில வாரங்கள்தான். ஆண்டுக்கு ஒரு பெரிய பட்டறையைவிட, ஒவ்வொரு பேட்ச் வந்திறங்கும் முதல் வாரத்திலும் ஒரு மணி நேரம் அதிகம் பயன் தரும். ஒரு கதை, ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு ஸ்டூல்.

கிளம்பும் பேட்ச், வரும் பேட்ச்சிடம் சொல் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். பின்பக்கங்களில் நிறைய இடம் விட்டு வையுங்கள். புதன்கிழமைக்குள் ஏதாவது ஒரு பாட்டி, அதில் இல்லாத ஒரு சொல்லோடு வந்து ஸ்டூலில் உட்காருவார்.